ஒரே உறுப்பினருக்கு 54ம் 88ம்: மாநில சட்டமன்ற மதிப்பெண் அட்டைகளை எப்படிப் படிப்பது?

கேட்டவர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கி முதல்முறையாகப் பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்தேர்தலில், ஓட்டுப் போடப் போகிறவர். தபாலில் வந்த ஓர் அட்டையில் அவர் தொகுதியின் மாநிலப் பிரதிநிதிக்கு "அரசியலமைப்பும் வரம்புக்குட்பட்ட அரசும்" என்ற தலைப்பில் 54 மார்க் போட்டிருக்கிறார்கள். தேடிப் பார்த்தால் இன்னொரு கன்சர்வேட்டிவ் அமைப்பு அதே மனிதருக்கு 88 கொடுத்திருக்கிறது. இரண்டு அமைப்புகளும் சொல்வது ஒரே கொள்கை. யார் பொய் சொல்கிறார்கள், இதை நம்பி ஓட்டுப் போடலாமா என்று கேட்டிருக்கிறார்.

பெரும்பாலும் யாருமே பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு பேரும் சபைப் பதிவில் இருக்கும் உண்மையான வாக்குகளைத்தான் எடுத்திருப்பார்கள், கூட்டல் கணக்கும் சரியாகவே இருக்கும். எந்த வாக்குகளைப் பொறுக்கினார்கள், உறுப்பினர் வராத நாளை என்ன செய்தார்கள், "அரசியலமைப்பு" என்று எதைச் சொல்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு வருகிறது. இதில் கடைசியாகச் சொன்னதுதான் பெரிய சிக்கல். அதைப் பற்றி அந்த அட்டைகளில் ஒரு வரிகூட இருக்காது என்பதால் அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். இதை ஆரம்பித்தது இடதுசாரிகள். அமெரிக்கன்ஸ் ஃபார் டெமாக்ரடிக் ஆக்‌ஷன் என்ற லிபரல் அமைப்பு 1947 முதல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர்களுக்கு மார்க் போட்டு வந்தது. வருடத்துக்கு 20 வாக்குகளைத் தேர்ந்தெடுப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் 5 மார்க். அன்றைக்குச் சபைக்கு வராதவருக்குப் பூஜ்யம். அதாவது காய்ச்சலில் படுத்திருந்த லிபரல், கணக்கில் கொஞ்சம் கன்சர்வேட்டிவ் ஆகிவிடுவார். இதற்குப் போட்டியாக 1958ல் அமெரிக்கன்ஸ் ஃபார் கான்ஸ்டிட்யூஷனல் ஆக்‌ஷன் வந்தது. பெயரிலேயே அரசியலமைப்பை வைத்துக்கொண்டு மார்க் போட்ட பழைய அமைப்பு அதுதான், இப்போது இல்லை. அதே 1958ல் இண்டியானாபொலிஸ் நகரில் ராபர்ட் வெல்ச் தொடங்கிய ஜான் பர்ச் சொசைட்டி இன்றும் இருக்கிறது. அவர்களுடைய பத்திரிகை போடும் ஃப்ரீடம் இண்டெக்ஸ் காங்கிரஸோடு நிற்காமல் இப்போது மாநில சட்டமன்றங்களுக்கும் வந்துவிட்டது. 1964ல் தொடங்கிய அமெரிக்கன் கன்சர்வேட்டிவ் யூனியனும் அப்படித்தான், 1971 முதல் காங்கிரஸ், அப்புறம் மாநிலங்கள். இவை தவிர அந்தந்த மாநிலத்துக்கே சொந்தமான அமைப்புகள் உண்டு. ஐடஹோவில் 2009 முதல் இயங்கும் ஐடஹோ ஃப்ரீடம் ஃபவுண்டேஷன், நியூ ஹாம்ப்ஷயரில் நியூ ஹாம்ப்ஷயர் லிபர்ட்டி அலையன்ஸ், கொலராடோவில் வரி கட்டுவோர் சங்கம். என் அனுபவத்தில் உருப்படியாக வேலை செய்பவர்கள் இந்த உள்ளூர்க்காரர்கள்தான். தேசிய அமைப்புகள் ஐம்பது மாநிலங்களையும் தூரத்திலிருந்து பார்க்கின்றன.

இப்போது அந்தப் பெரிய சிக்கலுக்கு வருகிறேன்.

காங்கிரஸ் உறுப்பினரை அரசியலமைப்பை வைத்து அளப்பது, ஒப்புக்கொள்கிறோமோ இல்லையோ, தர்க்கமாக நிற்கிறது. ஃபெடரல் அரசுக்கு, அதாவது மத்திய அரசுக்கு, என்னென்ன அதிகாரம் என்று முதல் ஷரத்தின் எட்டாவது பிரிவில் பட்டியல் போட்டிருக்கிறார்கள்: வரி, கடன், நாணயம், தபால், படை, மாநிலங்களுக்கு இடையேயான வணிகம் என்று. பட்டியலில் இல்லாதது மாநிலங்களுக்கு அல்லது மக்களுக்கு என்று 1791ல் சேர்த்த பத்தாவது திருத்தம் சொல்கிறது. ஆகவே "இந்த மசோதாவுக்கு அந்தப் பட்டியலில் இடம் உண்டா?" என்று கேட்டு, இல்லை என்றால் எதிர்த்து ஓட்டுப் போட்டவருக்கு மார்க் கொடுக்கலாம். டெக்சஸ் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த ரான் பாலுக்கு "டாக்டர் நோ" என்று பெயர் வந்ததே இப்படி ஓட்டுப் போட்டுத்தான். மனிதர் தொழிலால் மகப்பேறு மருத்துவர், அதனால் பெயர் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது.

மாநில சட்டமன்றத்துக்கு இந்தக் கேள்வி பொருந்தாது. மாநிலங்களுக்கு அப்படி எந்தப் பட்டியலும் கிடையாது. மக்களின் நலம், பாதுகாப்பு, ஒழுங்கு ஆகியவற்றுக்காகச் சட்டம் போடும் பொது அதிகாரம் அவற்றுக்கு ஏற்கெனவே இருக்கிறது. தங்கள் மாநில அரசியலமைப்பும் ஃபெடரல் அரசியலமைப்பும் எதைத் தடுக்கின்றனவோ அதை மட்டும் செய்யக்கூடாது. முடி வெட்டுகிறவருக்கு லைசென்ஸ் கேட்கும் சட்டம் மோசமான சட்டமாக இருக்கலாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் அது அரசியலமைப்பு மீறல் என்று சொல்வது கஷ்டம். வேண்டாத சட்டம் என்பதும் அதிகாரம் இல்லாத சட்டம் என்பதும் இரண்டு தனித்தனிக் குற்றச்சாட்டுகள். மாநில அட்டைகள் இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுக் கலக்கிவிடுகின்றன.

கலக்கினால் என்ன போயிற்று என்று கேட்கலாம். மாநில அரசியலமைப்புகள் அரசின் கையைக் கட்டிப் போடுவதோடு நிற்பதில்லை, அரசை வேலை வாங்கவும் செய்கின்றன. ஐடஹோ அரசியலமைப்பின் ஒன்பதாவது ஷரத்து முதல் பிரிவைப் படியுங்கள். பொதுவான, சீரான, முழுமையான இலவசப் பள்ளி முறையை ஏற்படுத்தி நடத்துவது சட்டமன்றத்தின் கடமை என்று எழுதியிருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயரின் 1784 அரசியலமைப்பு கல்வியைப் பேணச் சொல்கிறது, அதை வைத்துத்தான் அந்த மாநில உச்ச நீதிமன்றம் 1993லும் 1997லும் கிளேர்மாண்ட் வழக்குகளில் பள்ளிக்குப் பணம் கொடுப்பது மாநிலத்தின் கடமை என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புகள் தவறு என்று அங்கே பல கன்சர்வேட்டிவ்கள் இன்றும் வாதிடுகிறார்கள், அது வேறு விஷயம். சரி, பள்ளி நிதி மசோதாவுக்கு ஒருவர் "வேண்டாம்" என்று ஓட்டுப் போட்டால் சிறிய அரசு என்ற கணக்கில் அவருக்கு மார்க் ஏற வேண்டும். அரசியலமைப்புக் கடமை என்ற கணக்கில்? ஏறுமா, இறங்குமா? அட்டை பதில் சொல்லாது.

கொலராடோ இதைவிட வேடிக்கை. அங்கே 1992ல் மக்களே ஓட்டுப் போட்டு, வரியை உயர்த்த வேண்டுமானால் எங்களிடம் கேட்டாக வேண்டும் என்ற டேபர் திருத்தத்தை அரசியலமைப்பில் ஏற்றினார்கள். அரசு சேர்த்து வைக்கும் பணத்துக்கும் உச்சவரம்பு போட்டார்கள். அதே மக்கள் 2000ல் 23வது திருத்தத்தை நிறைவேற்றி, பள்ளிச் செலவைப் பத்து வருடத்துக்குப் பணவீக்கத்தோடு இன்னும் ஒரு சதவீதம் சேர்த்து உயர்த்தியே ஆக வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். ஒரே புத்தகத்தில் ஒரு பக்கம் பிரேக், இன்னொரு பக்கம் ஆக்சிலரேட்டர். அங்கே ஓர் உறுப்பினர் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டாலும் "அரசியலமைப்பைக் காத்தேன்" என்று அட்டை அச்சடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, சிறிய அரசு பேசுகிறவர்களுக்குள்ளேயே அரசியலமைப்பு என்றால் எது என்பதில் சண்டை இருக்கிறது. ஃபெடரல் அரசியலமைப்பின் ஐந்தாவது ஷரத்தின்படி 34 மாநிலங்கள் கேட்டால் திருத்தங்களை முன்மொழிய ஒரு மாநாடு கூட்ட வேண்டும். ஃபெடரல் அரசை அடக்க இதுதான் ஒரே வழி என்று கன்வென்ஷன் ஆஃப் ஸ்டேட்ஸ் இயக்கம் மாநிலம் மாநிலமாக ஏறி இறங்குகிறது. 2022ல் தென் கரோலினா அவர்களுடைய தீர்மானத்தை நிறைவேற்றிய 19வது மாநிலமானது. இதை உயிரைக் கொடுத்து எதிர்ப்பவர்களில் முன்வரிசையில் இருப்பது ஜான் பர்ச் சொசைட்டி: மாநாடு கூடினால் இருக்கிற அரசியலமைப்பையே கலைத்துவிடுவார்கள் என்பது அவர்கள் பயம். ஆக, அந்தத் தீர்மானத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்ட உறுப்பினர் ஒருவருக்கு அரசியலமைப்புக் காவலர், இன்னொருவருக்குத் துரோகி. உங்கள் உறுப்பினருக்கு 54ம் 88ம் கிடைத்ததற்கு இப்படி ஒரு வாக்கு காரணமாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

தொழிலாளர் விஷயத்திலும் இதே கதை. "ரைட் டு வொர்க்" என்று ஒரு சட்டம்: வேலைக்குச் சேர்கிறவர் யூனியனுக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதக்கூடாது. தனிமனிதச் சுதந்திரம் என்று பார்த்தால் நல்ல சட்டம். ஆனால் முதலாளியும் யூனியனும் தாங்களாகப் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்தில் அரசு ஏன் மூக்கை நுழைக்கிறது என்று கேட்கும் சுதந்திரவாதிகளும் இருக்கிறார்கள், அவர்கள் வாதமும் லேசுப்பட்டது கிடையாது. 2017ல் நியூ ஹாம்ப்ஷயர் கீழவையில் ரிபப்ளிகன்கள் பெரும்பான்மையாக இருந்தும் இந்த மசோதா 200க்கு 177 என்று தோற்றது. அன்றைக்கு எதிர்த்த ரிபப்ளிகன்கள் எல்லோரும் ஒப்பந்தச் சுதந்திரத்தை நினைத்து எதிர்த்தார்கள் என்று சொல்ல வரவில்லை. தொகுதியில் யூனியன் ஓட்டு இருந்திருக்கும். ஆனால் மார்க் போடுபவரால் உறுப்பினரின் மனதுக்குள் நுழைந்து பார்க்க முடியாது, அவர் சபையில் அமுக்கிய வாக்குப் பொத்தானை மட்டும்தான் பார்க்க முடியும்.

அந்தப் பொத்தானைப் பற்றியே சில விஷயங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நியூ ஹாம்ப்ஷயரையே எடுத்துக்கொள்கிறேன். கீழவையில் 400 பேர், மேலவையில் 24 பேர், சம்பளம் வருடத்துக்கு 100 டாலர், அதுவும் 1889ல் அரசியலமைப்பில் எழுதியது, இன்றும் அதேதான். அங்கே எல்லா மசோதாவுக்கும் பொது விசாரணை உண்டு, எல்லாமே சபைக்கு வந்தாக வேண்டும், கமிட்டித் தலைவர் டிராயரில் போட்டுப் பூட்ட முடியாது. மார்க் போட இதைவிட நல்ல ஊர் கிடையாது. ஆனால் கமிட்டியிலிருந்து வரும் பரிந்துரை இரண்டு விதமாக வரும்: நிறைவேற்றலாம் என்று ஒன்று, சட்டமாக்கத் தகாதது என்று இன்னொன்று. சபை ஓட்டுப் போடுவது அந்தப் பரிந்துரையின் மீது. அதனால் பதிவில் ஒருவர் பெயருக்கு நேரே "ஆம்" என்று இருந்தால் மசோதாவைக் கொல்ல ஆம் என்று சொன்னாரா, வாழ வைக்க ஆம் என்று சொன்னாரா என்பதைப் பரிந்துரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். தேர்தல் நேரத்தில் வரும் துண்டறிக்கைகளில் இதைத் தலைகீழாகப் போட்டுவிடுவது சர்வசாதாரணம். இதோடு, பெயரைப் பதிவு செய்யாமல் எண்ணிக்கையை மட்டும் காட்டும் வாக்கெடுப்பும் உண்டு. பலகையில் இத்தனைக்கு இத்தனை என்று வரும், யார் எந்தப் பக்கம் என்பது எங்கேயும் இருக்காது. பெயர் சொல்லி எண்ண வேண்டுமென்று போதுமான உறுப்பினர்கள் கேட்டால்தான் பதிவாகும். ஆக, மார்க் அட்டைக்கு வரும் வாக்குகள் ஏற்கெனவே ஒரு சல்லடையில் விழுந்து வந்தவை. யாரோ ஒருவர் பதிவாக வேண்டும் என்று ஆசைப்பட்டவை.

டெக்சஸ் வேறு மாதிரி. அங்கே கீழவையில் 150 பேர், ஒற்றைப்படை வருடங்களில் 140 நாள் கூட்டம். மசோதாவை இறுதியாக நிறைவேற்றும்போது பெயரோடு பதிவு செய்ய வேண்டும் என்பதே 2007ல்தான் அரசியலமைப்பில் ஏறியது. அதற்குப் பிறகும் ஒரு சந்து இருக்கிறது. சபை நடவடிக்கைக் குறிப்பைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் ஒரே மாதிரி வாக்கியம் வரும்: இன்ன எண் வாக்கெடுப்பில் நான் ஆதரித்ததாகக் காட்டியிருக்கிறது, எதிர்க்கத்தான் எண்ணியிருந்தேன் என்று. சில சமயம் நிஜமாகவே இயந்திரக் கோளாறு, சில சமயம் பக்கத்து இருக்கைக்காரர் தவறான பொத்தானை அமுக்கியது (இல்லாதவருக்காக மற்றவர் ஓட்டுப் போடுவது அங்கே பழைய பழக்கம்), சில சமயம் ஓட்டுப் போட்ட பிறகு வந்த போன்கால். முடிவு மாறாது, பதிவு மட்டும் அழகாகிவிடும். ஓர் அட்டை பலகையில் எரிந்த விளக்கை எடுக்கும், இன்னொன்று திருத்திய குறிப்பை எடுக்கும். உடனே இரண்டு எண்கள்.

ஒரே மசோதாவில் ஒன்பது விஷயத்தைக் கட்டி வைப்பது அடுத்த தலைவலி. பெரும்பாலான மாநில அரசியலமைப்புகள் ஒரு மசோதாவில் ஒரு பொருள்தான் இருக்க வேண்டும் என்று விதித்திருக்கின்றன. நியூ ஹாம்ப்ஷயரில் அப்படி விதி இல்லை, அங்கே 2021 பட்ஜெட்டோடு வந்த எச்.பி. 2 மசோதாவைப் பாருங்கள். அதில் வட்டி, டிவிடெண்ட் வரியைப் படிப்படியாக ஒழிக்கும் பிரிவு இருந்தது (2025 ஜனவரி முதல் அந்த வரி முழுக்கப் போய்விட்டது). தனியார் பள்ளிக்கோ வீட்டுப் படிப்புக்கோ மாநிலப் பணம் கொடுக்கும் கணக்குத் திட்டம் இருந்தது. 24 வாரத்துக்குப் பிறகு கருக்கலைப்புத் தடை இருந்தது. அரசுப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் இனம், பாலினம் பற்றி எதைக் கற்பிக்கக்கூடாது என்ற பிரிவும் இருந்தது. வரி போகட்டும் ஆனால் வகுப்பறைப் பேச்சில் அரசு தலையிட வேண்டாம் என்று நினைக்கும் ஒரு நேர்மையான சிறிய அரசுக்காரர் அன்றைக்கு எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும்? மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே வாக்குதான். எதை அமுக்கினாலும் யாரோ ஒருவர் அவருக்குச் சிவப்புப் புள்ளி வைப்பார்.

பொறுக்கும் கணக்கைப் பற்றிச் சுருக்கமாக. 1992ல் ஜேம்ஸ் ஸ்னைடர் என்ற அரசியல் ஆய்வாளர் இதைக் கணக்காகவே காட்டினார்: அமைப்புகள் நெருக்கமாகப் போன, கட்சிகள் இரண்டாகப் பிரிந்த வாக்குகளையே பொறுக்குவதால், நடுவில் இருப்பவர்களே இல்லாத மாதிரி சபை தெரிகிறது, எல்லோரும் பூஜ்யத்துக்கும் நூறுக்கும் ஓடிவிடுகிறார்கள். கற்பனையாக ஒரு சபையை வைத்துக்கொள்வோம். 100 பதிவு வாக்குகள், அதில் ஓர் உறுப்பினர் 80ல் கொள்கைக்காரர்கள் விரும்பியபடி ஓட்டுப் போடுகிறார். மீதி 20 வாக்குகளில்தான் கட்சிக்குள் தகராறு. ஓர் அமைப்பு அந்த இருபதிலிருந்து 9ஐயும் மற்றவற்றிலிருந்து 11ஐயும் எடுத்தால் அவருக்கு 55. எல்லா வாக்கையும் எடுத்தால் 80. மனிதர் அதேதான்.

வருடத்துக்கு வருடம் ஒப்பிடுவதும் வேண்டாம். 2020ல் 70, இப்போது 58, ஆகவே கெட்டுப்போய்விட்டார் என்று அட்டை சொல்லும். ஆனால் சபையில் பெரும்பான்மை மாறினால் வாக்குக்கு வரும் மசோதாக்களே மாறிவிடும். க்ரோஸ்க்லோஸ், லெவிட், ஸ்னைடர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1999ல் சொன்னது இதுதான், பழைய விலையைப் பணவீக்கத்துக்குத் திருத்திப் பார்ப்பதுபோல இந்த மதிப்பெண்களையும் திருத்தித்தான் ஒப்பிட வேண்டும் என்று. எந்த அமைப்பும் திருத்துவதில்லை.

"அப்படியானால் எல்லா வாக்கையும் போட்டுக் கணினியில் கணக்கிட்டால் போதாதா?" என்று கேட்பீர்கள். அதையும் செய்திருக்கிறார்கள். போரிஸ் ஷோர், நோலன் மெக்கார்ட்டி என்ற ஆய்வாளர்கள் மாநில வாக்குப் பதிவுகளை வேட்பாளர் கேள்வித்தாள்களோடு இணைத்து ஐம்பது மாநில உறுப்பினர்களையும் ஒரே கோட்டில் நிறுத்தினார்கள், 2011ல் வந்தது. நல்ல வேலை. ஆனால் அது யார் யாரோடு சேர்ந்து ஓட்டுப் போடுகிறார் என்பதைச் சொல்லும், எதற்காக என்பதைச் சொல்லாது. பட்ஜெட் போதாது என்று டெமாக்ரட்டும், பட்ஜெட் அதிகம் என்று தீவிர ரிபப்ளிகனும் சேர்ந்து ஒரு மசோதாவைக் கவிழ்க்கும்போது கணினி இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கும்.

இனி ஐடஹோ. இந்த விவகாரத்தில் நான் அதிகம் மதிப்பதும், அதிகம் சந்தேகப்படுவதும் அங்கேதான். ஐடஹோ ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் ஆண்டு முடிவில் பத்து வாக்குகளைப் பொறுக்குவதில்லை. மசோதா வந்ததும் அதை எடுத்துவைத்து பத்துப் பன்னிரண்டு கேள்விகள் கேட்கிறது. புதிய அரசு அமைப்பையோ திட்டத்தையோ உண்டாக்குகிறதா? தனியார் செய்வதை அரசுக்கு மாற்றுகிறதா? தொழில் தொடங்கத் தடை போடுகிறதா? செலவை ஏற்றுகிறதா? அரசியலமைப்பை மீறுகிறதா? ஒவ்வொன்றுக்கும் கூட்டலோ கழித்தலோ ஒரு புள்ளி, கீழே ஏன் என்று நாலு வரி விளக்கம். வாக்கெடுப்புக்கு முன்பே அது வெளியாகிவிடுகிறது. வெளிப்படைத்தன்மை என்று பார்த்தால் இதற்கு மேல் கேட்க முடியாது: அவர்கள் ஏன் கழித்தார்கள் என்பதைப் படித்து நாம் மறுக்கலாம். கவனியுங்கள், அந்தப் பட்டியலில் அரசியலமைப்பு பல கேள்விகளில் ஒன்று மட்டுமே. மொத்த எண்ணில் அது கரைந்துவிடுகிறது.

ஆனால் முன்பே வெளியாகிற மதிப்பெண் வெறும் மதிப்பெண் அல்ல, கொறடா உத்தரவு மாதிரி ஆகிவிடுகிறது. உறுப்பினர் மேசையில் மசோதாவும் இருக்கிறது, போனில் அதன் புள்ளியும் இருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயரில் இது இன்னும் கண்ணுக்குத் தெரியும்படி நடக்கும். லிபர்ட்டி அலையன்ஸ்காரர்கள் கூட்ட நாளில் கான்கார்ட் நகரிலுள்ள சபைக்கு வரும் உறுப்பினர்களின் கையில் தங்க நிறத் தாள் ஒன்றைத் தருவார்கள், எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று அதில் இருக்கும். ஆண்டு முடிவில் ஏ பிளஸ் முதல் எஃப் வரை கிரேடு. எஃப்புக்கும் கீழே "அரசியலமைப்புக்கு ஆபத்தானவர்" என்று ஒரு வகுப்பு. அந்தத் தாளைப் பார்த்து ஓட்டுப் போட்டுவிட்டு, அந்தத் தாளை வைத்தே ஏ வாங்கினால், அந்த ஏ எதை அளக்கிறது? கொள்கையா, வாசிக்கும் பழக்கமா? பகுதி நேரமாக, கிட்டத்தட்ட சம்பளமே இல்லாமல், வருடத்துக்கு நூற்றுக்கணக்கான மசோதாவைப் பார்க்கும் மனிதருக்கு யாராவது சுருக்கம் கொடுத்தால் உதவிதான், மறுக்கவில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று விளங்காமல் போகலாம். இந்தியாவில் 1985ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போய்விடும், போதாக்குறைக்குப் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் முடிந்துவிடும், அதனால் எம்.எல்.ஏ.வின் வாக்கை அளக்க அங்கே எதுவுமில்லை. அளப்பவர்கள் வருகைப் பதிவையும் கேள்வி எண்ணிக்கையையும்தான் அளக்கிறார்கள். அமெரிக்க மாநிலங்களில் கட்சியை எதிர்த்து ஓட்டுப் போட்டால் இருக்கை போகாது. அந்த வெற்றிடத்தில்தான் இந்த அமைப்புகள் வந்து உட்காருகின்றன.

2021 மார்ச்சில் ஐடஹோ கீழவையில் நடந்த ஒரு வாக்கை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம், மேலே சொன்ன எல்லாம் அதில் இருக்கிறது. எச்.பி. 226 மசோதா. பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்காக டிரம்ப் நிர்வாகம் ஒதுக்கிய 60 லட்சம் டாலர் ஃபெடரல் மானியத்தைச் செலவிட அனுமதி கேட்டது. சபையில் 70 பேர், அதில் 58 பேர் ரிபப்ளிகன்கள். ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் கடுமையாக எதிர்த்தது. பணம் போகும் இடத்தில் சமூக நீதிக் கருத்துகளைக் குழந்தைகளுக்குப் புகட்டுவார்கள் என்றது. மசோதா 34க்கு 36 என்று தோற்றது. கட்சிக்கும் கட்சிக்கும் நடந்த மோதல் இல்லை இது, ஒரே கட்சி நடுவில் கிழிந்தது. அதனால் உறுப்பினர்களைப் பிரித்தறிய இதைவிடத் தோதான வாக்கு கிடைப்பது அபூர்வம்.

இதில் "வேண்டாம்" என்று சொன்னது சிறிய அரசுக் கொள்கைப்படி சரியான வாக்கு என்று தாராளமாக வாதிடலாம். ஃபெடரல் பணம் வாங்கினால் ஃபெடரல் நிபந்தனையும் வரும், மானியம் முடிந்ததும் அந்தச் செலவு மாநிலத்தின் தலையில் விழும், சிறு குழந்தையைப் பார்த்துக்கொள்வது குடும்பத்தின் வேலை. ஆனால் "சரி" என்று சொன்ன 34 பேரும் எந்த அரசியலமைப்பை மீறினார்கள்? மாநில அரசியலமைப்பு மானியம் வாங்காதே என்று சொல்லவில்லை. ஒன்பதாவது ஷரத்தின் பள்ளிக் கடமை இந்த வயதுக் குழந்தைகள்வரை நீள்கிறதா என்றால் அதுவும் இல்லை. அது கொள்கை வேறுபாடு, அவ்வளவுதான். அந்த வாக்கை "அரசியலமைப்பு" என்ற தலைப்பில் போட்டு ஒருவருக்குக் கழித்தால் வாசகரை ஏமாற்றுவதாகத்தான் எனக்குப் படுகிறது, "சிறிய அரசு" என்ற தலைப்பில் போட்டால் எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

அதோடு, ஐடஹோவில் ஒரு துறையின் பட்ஜெட் மசோதா சபையில் தோற்றால் நிதிக் கமிட்டி அதைக் கொஞ்சம் மாற்றி மறுபடி எழுதி அனுப்பும். அது அங்கே எல்லோருக்கும் தெரியும். எப்படியும் நிறைவேறப் போகும் பட்ஜெட்டுக்கு "வேண்டாம்" என்று ஓட்டுப் போடுவது காசு செலவில்லாத வீரம். சாலையும் போட வேண்டும், சிறையும் நடத்த வேண்டும் என்று யாராவது "சரி" சொல்லித்தானே ஆக வேண்டும்? அந்தச் "சரி" சொன்னவருக்கு மார்க் குறைகிறது. 2012 முதல் ரிபப்ளிகன் பிரைமரியில் கட்சியில் பதிந்தவர்கள் மட்டுமே ஓட்டுப் போட முடிகிற அந்த மாநிலத்தில், மே மாதத்தில், குறைவான பேர் வந்து போடும் தேர்தலில், இப்படிக் குறைந்த மார்க் கனமாக விழும். 2024 பிரைமரியில் மேலவைத் தலைவராக இருந்த சக் விண்டரே தோற்றார். மார்க் அட்டை ஒன்றால்தான் தோற்றார் என்று யாராலும் நிரூபிக்க முடியாது, ஆனால் மற்ற உறுப்பினர்கள் அதைக் கவனிக்காமல் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா?

சரி, உங்கள் கையில் இருக்கும் அட்டைக்கு வருவோம். எண்ணை மறந்துவிட்டு, அதை உண்டாக்கிய வாக்குப் பட்டியலைத் தேடுங்கள். பட்டியலையே வெளியிடாத அமைப்பின் அட்டையைக் குப்பையில் போடலாம், யோசிக்கவே வேண்டாம். பட்டியல் கிடைத்தால் அதில் உங்கள் உறுப்பினர் தன் கட்சிப் பெரும்பான்மையிலிருந்து விலகி ஓட்டுப் போட்ட வாக்குகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் ஐந்தாறுதான் தேறும். ஒவ்வொன்றுக்கும் மாநில சட்டமன்ற இணையதளத்தில் மசோதா வாசகம், வாக்கெடுப்பு எதன் மீது நடந்தது, இறுதி எண்ணிக்கை மூன்றையும் பாருங்கள். 110க்கு 20 என்று நிறைவேறியதில் "வேண்டாம்" சொன்னவரைவிட, 70க்கு 68ல் ஒரு பக்கம் நின்றவரின் வாக்கு அவரைப் பற்றி அதிகம் சொல்லும். அமைப்பு "அரசியலமைப்புக்கு விரோதம்" என்று எழுதியிருந்தால் எந்த அரசியலமைப்பு, எந்தப் பிரிவு என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நல்ல அமைப்புகள் பதில் எழுதுவார்கள், சில சமயம் நீளமாகவே எழுதுவார்கள்.

அப்புறம் உறுப்பினருக்கே எழுதுங்கள், இல்லை போன் செய்யுங்கள். மாநில உறுப்பினர்கள் காங்கிரஸ்காரர்களைப் போல எட்டாத உயரத்தில் இருப்பதில்லை. நியூ ஹாம்ப்ஷயரில் ஒருவர் மூவாயிரத்துச் சொச்சம் பேருக்குப் பிரதிநிதி, பல பேர் வீட்டு எண்ணையே பொதுவில் கொடுத்திருக்கிறார்கள். "54 ஏன்?" என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரிடமும் தயாராக ஒரு பதில் இருக்கும். "இந்த எண்ணுள்ள மசோதாவுக்கு ஏன் ஆம் என்று ஓட்டுப் போட்டீர்கள்?" என்று கேளுங்கள்.